மூடியை மூடிய பிறகு

சென்ற மார்ச்சில்
இருபத்திரண்டு மணி நேரம் ஓடிய கணக்கை
ஹில்லார் கொன்றான்.
கெட்ட எண்ணம் இல்லை. விசைப்பலகைமேல்
பூனை ஏறப் பார்த்தது,
மடிக்கணினியின் மூடியை இறக்கினான்,
அவ்வளவு மெதுவாக.

கடலுக்கு அப்பால், தார்த்துவில்,
சர்வர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தது.
பிறகு 'லைன் போயிற்று' என்று
ஒரே ஒரு சிக்னல்.
டெர்மினல் செத்தால் அதில் பிறந்ததெல்லாம்
உடன்கட்டை ஏறுவது யூனிக்ஸ் குடும்பத்தின்
பழைய வழக்கம்.

ஒன்பதாயிரம் வான்படங்கள்.
வில்சாண்டியின் பனியில் சாம்பல் கடல்நாய்கள்.
ஆறாயிரத்துச் சொச்சம் எண்ணியாயிற்று.
அரைக்கிணறு.

இன்று நாலே முக்காலுக்குக்
குயிவஸ்துவில் ஃபெர்ரி.
காரில் ஹில்லார் ஹாரன் அடிக்கிறான்.
"தலைமுழுகிவிட்டு வா, ஒரு வார்த்தைதானே!"
இருக்கிறது, அந்த வார்த்தையும் இருக்கிறது.
தலைமுழுகினாலும்
முகவரி பழைய வீடாகவே நிற்கும், ஹில்லார்.
பேச வாயெடுத்தால் இல்லாத திரையைத் தேடும்,
இடறி விழும்.
எனக்கு முழுசாக வேண்டும்.

செயலைப் பிளக்கிறேன்.
பெற்றது உடனே வெளியேறுகிறது.
அநாதையை ஒன்றாம் எண் வந்து
சுவீகாரம் எடுத்துக்கொள்கிறது,
சாதகம் பார்க்காமல்.

அடுத்து, தனிக்குடித்தனம்.
புதிய அமர்வு, அதற்குத் தானே தலைவன்.
தலைவனாயிருப்பதில் ஒரு சங்கடம்:
போகிற வழியில் ஏதாவது டெர்மினலைத் தொட்டால்
அது கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
ஆகவே இன்னொரு முறை பிளக்கிறேன்.
தலைவன் போகிறான்.
தலைமை இல்லாத ஒன்று மிஞ்சுகிறது,
இனி அதை எந்தத் திரையும் கட்டாது.

நின்ற இடத்தையும் விடச் சொல்கிறேன்.
வேர் அடைவுக்குப் போய் நில்,
யார் வாசலையும் மறிக்காதே.

பூஜ்யம் அதன் காது.
ஒன்று, வாய்.
இரண்டு, அலறுவதற்கென்றே வைத்த இன்னொரு வாய்.
மூன்றையும் 'நல்' என்ற துளைக்குத் திருப்புகிறேன்.
அங்கே எதைக் கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும்,
எதைக் கேட்டாலும்
முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லும்.

மூடியை நானே மூடினேன். வேண்டுமென்றே,
கொஞ்சம் சத்தமாக.

ஃபெர்ரி பனித்தகடுகளை உடைத்துக்கொண்டு போகிறது.
பட்டாணி சூப்பைக் கலக்கும்போதுதான்
உறைக்கிறது:
லாக் கோப்பு வைக்கவில்லை.
எண்ணிக்கை கடைசியில்தான் எழுதப்படும்,
முப்பத்தோராவது மணியில்.
அதுவரை ஒரு முனகலும் வராது.

போனில் இரண்டு கோடு சிக்னல்.
உள்ளே நுழைந்து பட்டியலைக் கேட்கிறேன்.
நாற்பத்தோராயிரத்து இருநூற்றேழு.
டெர்மினல் என்ற பத்தியில்
ஒரு கேள்விக்குறி.

திரும்பக் கூப்பிட முடியாது,
அப்படித்தான் செய்துவிட்டேன்.
அதனிடம் சொல்ல எனக்கு மிஞ்சியிருப்பது
'கொல்' என்ற ஒரு சொல்.
நல்லவேளை, அந்தச் சொல்லுக்கு
பூஜ்யம் என்றோர் எண்ணும் உண்டு.
அது கொல்வதில்லை,
கதவைத் தட்டுவதுகூட இல்லை.
ஆள் இல்லையென்றால் இல்லை என்று வரும்.
இருந்தால், மௌனம்.

அனுப்பினேன்.

படங்களில் பல குட்டிகள் தனியே கிடந்தன.
பதினெட்டாம் நாளோ என்னவோ
தாய் தண்ணீரில் இறங்கிவிடும்.
நிரலுக்கு அதெல்லாம் தெரியாது,
ஒன்று, ஒன்று, ஒன்று என்றே எண்ணும்.

"ஓடுகிறதா?" என்றான் ஹில்லார்,
ரொட்டியைப் பிய்த்தபடி.
திரையில் எதுவும் வரவில்லை.
ஓடுகிறது என்றேன்.
"எத்தனை?"
நாளை ராத்திரி.

விர்த்சுவின் விளக்குகள் தெரியுமுன்
போனில் லைன் போயிற்று.
யாரும் சாகவில்லை.